மருந்தும் கல்வியும் – நீரிழிவுப் பராமரிப்பில் செவிலியர் எழுதிய வரலாறு

  

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் வேறொரு மஹல்லாவில் இமாமாகப் பணியாற்றிக் கொண்டிருந்தபோது, ரமலானுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பெரியவர் அஸர் தொழுகை முடிந்ததும் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், நமக்குச் சீனி வியாதி இருக்கிறது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக் கொள்கிறேன். நோன்பு வைக்கலாமா?” என்று கேட்டார். நாம் கிதாபுகளில் ஓதியதைச் சொன்னோம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தீங்கு வரும் என்ற அச்சம் இருந்தால் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். உடலில் தெம்பு இருந்தால் நோற்கலாம் என்றோம். “தெம்புக்கு ஒன்றும் குறைவில்லை” என்று மகிழ்ச்சியோடு கூறிச் சென்றார். நாமும் நம் கடமை முடிந்ததென்று எண்ணினோம்.

ரமலான் பதினொன்றாம் நாள் அஸருக்குப் பின் அவர் பள்ளியின் தூணருகே சாய்ந்தார். உடலெல்லாம் வியர்வை, கேட்டதற்குப் பதில் இல்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர் சர்பத்தைக் கொண்டுவந்து வாயில் ஊற்ற முயன்றார். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடும் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக் கொண்டார். நடந்தது இதுதான்: வழக்கமாகக் காலை உணவுக்கு முன் போடும் ஊசியை, அதே அளவில், சஹருக்குப் போட்டிருக்கிறார். ஊசி பகல் முழுவதும் வேலை செய்தது. வயிற்றிலோ உணவு இல்லை.

மறுநாள் நலம் விசாரிக்கச் சென்றோம். ஒரு செவிலியர் அவருடைய கட்டிலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அரை மணி நேரம் பாடம் நடத்திக் கொண்டிருந்தார். சர்க்கரை தாழும்போது உடல் தரும் அறிகுறிகள் எவை, உடனே என்ன செய்ய வேண்டும், ஊசியை எங்கே போடுவது, எங்கே பாதுகாப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரையே திரும்பச் சொல்லச் செய்தார். ஒன்பது ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்ந்த அந்தப் பெரியவர், “இதையெல்லாம் இதுவரை யாரும் நமக்குச் சொன்னதில்லை” என்றார். சட்டம் தெரிந்த நாம் நோயை அறியாமல் பதில் சொல்லிவிட்டோமே என்ற வருத்தம் அன்று நமக்கு ஏற்பட்டது. அந்த வருத்தமே இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது. படித்தபோது விளங்கிய உண்மை ஒன்று: நீரிழிவுக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது ஒரு வரலாறு, அந்த மருந்தோடு வாழ நோயாளிக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டது மற்றொரு வரலாறு. முதலாவதை உலகம் அறியும். இரண்டாவதைப் பெரும்பாலும் செவிலியர்களே எழுதினார்கள்.

நீர் இறைக்கும் சக்கரம்

இந்நோய் புதியதன்று. நம் நாட்டின் பழைய ஆயுர்வேத நூல்கள் இதனை மதுமேகம் என்றன; நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் கண்டறிந்து குறித்தன. கிரேக்கர்கள் வைத்த ‘டயாபெட்டீஸ்’ என்ற பெயருக்கு ஊடே கடந்து ஓடுதல் என்பது கருத்து. அரபு மருத்துவ நூல்கள் இதற்கு ‘தூலாப்’ என்றும் பெயரிட்டன. தூலாப் என்றால் நீர் இறைக்கும் சக்கரம். குடித்த நீரைச் சிறுநீரகம் இழுத்து இழுத்து வெளியே கொட்டிக் கொண்டே இருக்கிறது. மனிதன் மீண்டும் மீண்டும் தாகத்தால் குடித்துக் கொண்டே இருக்கிறான். கமலை இறைத்துப் பழகிய நம் மூத்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் உடனே புரியும். மருத்துவமேதை இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் இந்நோயைப் பற்றி எழுதினார். பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீப் (1162–1231) இதற்கெனவே தனி ஏடு ஒன்று இயற்றினார்.

1776ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மத்தேயு டாப்சன் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். நோயின் பெயரும் அடையாளமும் தெரிந்தன. ஆயினும் நோயாளி என்ன செய்வது? அவன் மருத்துவரின் முன் கைகட்டி நின்றான், அவ்வளவே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களில் முன்னோடி பாரிஸ் நகரின் அப்போலினேர் பூஷார்தா. 1870–71இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டது. நகரில் ரொட்டிக்கும் பஞ்சம். அந்தப் பஞ்ச காலத்தில் தம்முடைய நீரிழிவு நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை அவர் கவனித்தார். உணவை அளவோடு கொள்ளவும், உடலை உழைக்கச் செய்யவும் அவர் வலியுறுத்தினார். அதைவிட முக்கியமான ஒன்றையும் செய்தார்: சிறுநீரைச் சோதிக்கும் முறையை நோயாளிகளுக்கே கற்றுக் கொடுத்து, நாள்தோறும் தாமே சோதித்துக் கொள்ளச் சொன்னார். நோயை அளக்கும் கோல் மருத்துவரின் கையிலிருந்து நோயாளியின் கைக்கு மாறியது அப்போதுதான்.

1922: உயிர் கிடைத்தது, பாடம் தொடங்கியது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறு வயதில் நீரிழிவு வந்த குழந்தை ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடும். அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் என்பவர் வகுத்த பட்டினிச் சிகிச்சை அந்த நாட்களைச் சற்று நீட்டித்தது. குழந்தையின் தட்டில் விழும் ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துக் கொடுத்தவர்கள் செவிலியர்களே. எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளைகள் உணவு கேட்டு அழுவதைப் பார்த்துக் கொண்டே அந்தத் தராசைப் பிடிக்க வேண்டியிருந்தது.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகிய இருவரும், பேராசிரியர் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அதன் முதல் ஊசி போடப்பட்டது. பலன் போதவில்லை, ஊசி போட்ட இடமும் புண்ணானது. ஜேம்ஸ் காலிப் என்பவர் அச்சாற்றைத் தூய்மையாக்கித் தர, ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் போடப்பட்டது. சர்க்கரை இறங்கியது, சிறுவன் எழுந்தான். இன்சுலின் உலகிற்குக் கிடைத்தது. 1923இல் பான்டிங்கிற்கும் மெக்லியோடிற்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒரு சிறுமியின் செய்தியையும் கூற வேண்டும். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டில் டொராண்டோவிற்கு அழைத்து வரப்பட்டாள். பதினைந்து வயதை நெருங்கியிருந்தாள், எடையோ ஏறத்தாழ 20 கிலோ. அவளோடு தங்கியிருந்தவர் ஒரு செவிலியர். இன்சுலினால் உயிர் பிழைத்த எலிசபெத், வெகு விரைவில் தன் ஊசியைத் தானே போட்டுக் கொள்ளக் கற்றாள். கல்லூரியில் படித்தாள், மணமுடித்தாள், பிள்ளைகள் பெற்றாள். 1981இல் காலமாகும் வரை 58 ஆண்டுகள் அந்த ஊசியோடு வாழ்ந்தாள்.

அம்மை, காலரா போன்ற நோய்களுக்கு மருத்துவர் மருந்து கொடுப்பார். நோய் தீரும் அல்லது ஆள் போவார். இன்சுலின் அப்படிப்பட்ட மருந்தன்று. அது நோயைத் தீர்ப்பதில்லை; நாளொன்றைக் கடத்தித் தருகிறது. மறுநாளுக்கு மறுபடியும் வேண்டும். அளவு குறைந்தால் மயக்கம், கூடினாலும் மயக்கம். உண்ட அளவு, நடந்த தூரம், காய்ச்சல், கவலை ஆகிய எல்லாவற்றிற்கும் ஏற்ப அது மாற வேண்டும். இதனை ஆண்டு முழுவதும் கவனிக்க எந்த மருத்துவரால் முடியும்? ஆகவே மருந்து கிடைத்த அன்றே ஒரு பாடசாலையும் தேவைப்பட்டது.

வீடு தேடிச் சென்ற செவிலியர்கள்

அந்தப் பாடசாலையைத் திறந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜோஸ்லின் (1869–1962). அவருடைய தாயாருக்கே நீரிழிவு இருந்தது. இன்சுலின் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1918இல், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து படிக்கத்தக்க ஒரு கையேட்டை அவர் வெளியிட்டார். அக்காலத்தில் மருத்துவர்கள் தங்கள் கலையை நோயாளியிடம் வெளிப்படுத்துவதையே விரும்பாதிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அதன் புதுமை விளங்கும். உணவு, இன்சுலின், உடலுழைப்பு ஆகிய மூன்றையும் ஒரு தேரில் பூட்டிய மூன்று குதிரைகளுக்கு அவர் ஒப்பிட்டார். தேரை ஓட்டுபவர் மருத்துவர் அல்லர், நோயாளியே. ஓட்டக் கற்காதவனிடம் குதிரைகளைக் கொடுத்தால் என்னாகும்?

அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். உணவை நிறுப்பது, கண்ணாடி ஊசிக் குழலைக் கொதிக்க வைப்பது, பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பது ஆகியவற்றைச் செவிலியர்கள் கற்பித்தார்கள். கரைசல் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் மிகுதி. எழுத்தறியாதவருக்கும் இந்த நிறப் பாடம் புரிந்தது. நம் ஊர்களிலும் அந்த நீலக் கரைசலும் சோதனைக் குழாயும் வைத்திருந்த வீடுகளை மூத்தவர்கள் நினைவு கூர்வார்கள்.

வகுப்போடு ஜோஸ்லின் நிற்கவில்லை. மருத்துவமனையில் கற்ற பாடம் வீட்டு வாசலில் மறந்துவிடுகிறது என்பதை அவர் கண்டார். எனவே 1920களில் செவிலியர்களை நோயாளிகளின் ஊருக்கே அனுப்பினார். ‘சுற்றித் திரியும் செவிலியர்’ என்றே அவர்களுக்குப் பெயர். அவர்கள் நோயாளியின் வீட்டில் தங்கி, அந்த வீட்டு அடுப்பங்கரையில், அந்த வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டே கற்பித்தார்கள். நோயாளிக்கு மட்டுமல்லாமல் தாய்க்கும் மனைவிக்கும் கற்பித்தார்கள். கணவன் மருத்துவரிடம் சென்று வருவான், சமைப்பவளோ மனைவி. அவளுக்குத் தெரியாத பத்தியம் எப்படி நிலைக்கும்? இது பாஸ்டனுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

ஏழைக்கு யார்?

கல்வி வசதியுள்ளோர்க்கு மட்டும் உரியதாகி விடுமோ என்ற கேள்விக்குப் போர்ச்சுகல் நாடு விடை தந்தது. அந்நாட்டு மருத்துவர் எர்னஸ்டோ ரோமா, இன்சுலின் வெளிவந்த காலத்தில் பாஸ்டனில் இருந்தார். நாடு திரும்பியவர், விலை கொடுத்து வாங்க இயலாத ஏழைகள் மருந்து இருந்தும் மடிவதைக் கண்டு, 1926இல் லிஸ்பன் நகரில் ஏழை நீரிழிவு நோயாளிகளைக் காப்பதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். உலகில் நீரிழிவு நோயாளிகளுக்கென்று தோன்றிய முதற்சங்கம் இதுவே. அங்கே இன்சுலின் இலவசமாகக் கிடைத்தது; அத்துடன் பாடமும் கிடைத்தது.

இங்கிலாந்தில் ராபர்ட் லாரன்ஸ் என்ற மருத்துவர் தாமே இந்நோயால் மரணத்தின் வாசலில் நின்றவர். இத்தாலியில் தம் முடிவை எதிர்நோக்கி இருந்தவர், 1923இல் இன்சுலின் பற்றிய தந்தி கிடைத்து இலண்டனுக்குத் திரும்பி உயிர் பெற்றார். 1925இல் நீரிழிவோடு வாழும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸும் இதே நோய் உடையவர். இருவரும் முன்னின்று 1934இல் இங்கிலாந்தின் நீரிழிவுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பின்னர் 1950களில் லெஸ்டர் நகரில் ஜோன் வாக்கர் என்ற பெண் மருத்துவர், நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்குச் சுகாதாரச் செவிலியரை அனுப்பும் முறையை நிலைநாட்டினார். நீரிழிவுக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் என்ற பதவி அந்நாட்டில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு வித்து.

நம் தமிழகத்தில், 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கு வந்தபோது, பாஸ்டனின் அந்தச் செவிலியர்கள் நூறாண்டு கழித்து நம் தெருவிற்கு வந்தது போலவே நமக்குத் தோன்றியது.

கல்வி பலன் தருமா?

இத்தனை பாடத்தால் உண்மையிலேயே பயன் உண்டா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். 1972இல் வெளியான ஓர் ஆய்வு புகழ்பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஏழைகளுக்கான பொது மருத்துவமனையில் லியோனா மில்லர் என்ற பெண் மருத்துவர், நோயாளிகள் எப்போது வேண்டுமானாலும் ஆலோசனை கேட்கத் தொலைபேசி வசதி செய்து, செவிலியர்களுக்கு அதிகப் பொறுப்பளித்து, கல்வியையும் புகட்டினார். மயக்கத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படுவோரின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. 1975இல் ஜெனீவா நகரில் ழான் பிலிப் அசால் நீரிழிவுக் கல்விக்கெனத் தனிப்பிரிவே அமைத்தார்.

1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தோருக்குக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து 76 சதவீதம் வரையிலும், நரம்புப் பாதிப்பு 60 சதவீதமும் குறைந்ததை அது காட்டியது. அங்கே நோயாளிகளுக்குக் கிடைத்தது கூடுதல் ஊசி மட்டுமன்று. மாதந்தோறும் சந்திப்பும், இடையிடையே செவிலியர்களின் தொலைபேசி அழைப்பும், தாமே இரத்தத்தைச் சோதித்து அளவை மாற்றிக் கொள்ளும் பயிற்சியும் கிடைத்தன.

வலி இல்லாத கால்

இன்சுலின் வந்தபின் மயக்கத்தால் இறப்போர் குறைந்தனர். நீண்ட நாள் வாழ்ந்தனர். அப்போது வேறோர் ஆபத்து முன்னே வந்தது. கால்விரல் கறுத்து அழுகி, காலை வெட்டும் நிலை. ஜோஸ்லின் 1934இல் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். இது வானத்திலிருந்து இறங்கும் விதியன்று, கவனக் குறைவால் வருவது என்பது அவருடைய உறுதியான கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயத்திற்கு இக்கருத்தை விளக்க வேண்டியதில்லை. எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம்: கற்பிக்கப்படாதவனைக் குற்றவாளி ஆக்குவது நீதியாகாது. செருப்பு வாங்க வசதியில்லாதவனையும் அவ்வாறே.

இந்த ஆபத்தின் காரணத்தை விளக்கியதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோய் விரல்களைத் தின்பதில்லை; வலி உணர்வு போய்விடுவதால், முள் குத்தினாலும் சுட்டாலும் அறியாமல் நோயாளி தன் கால்மீதே நடந்து அதைச் சிதைத்துக் கொள்கிறான் என்பதை அவர் விளக்கினார். வலி ஓர் அருட்கொடை என்பதே அவருடைய வாழ்நாள் செய்தி. அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் அந்தப் பணியிலிருந்து பிறந்தன. 1966இல் அவர் அமெரிக்கா சென்றபின், அதே பாடம் நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் பயன்பட்டது.

1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாதம் பாதிக்கப்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஒரு மணி நேர வகுப்பு மட்டும் நடத்தப்பட்டது. புண்ணான கால்களின் படங்களைக் காட்டி, எளிய விதிகளைச் சொன்னார்கள். வகுப்பில் அமர்ந்தவர்களின் 177 கால்களில் 7 வெட்டப்பட்டன. அமராதவர்களின் 177 கால்களில் 21 வெட்டப்பட்டன. பிற்காலத்து ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். ஒரு தடவை சொன்னது ஓராண்டு நிற்பதில்லை. குர்ஆன் மனனம் செய்த ஹாபிழும் தினந்தோறும் தவ்ர் ஓதவில்லையென்றால் மறந்துவிடுகிறார் அல்லவா? நோய்க் கல்வியும் அவ்வாறே.

ரமலானும் நீரிழிவும்

இனி நாம் தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்துள்ளன. ஆயினும் நம் மக்கள் அச்சலுகையை ஏற்கத் தயங்குகிறார்கள். 2001இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு முஸ்லிம்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதைக் காட்டியது. இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகையினரில் 43 சதவீதமும், பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையினரில் 79 சதவீதமும் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். இரண்டாம் வகையினருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ரமலானில் ஏழரை மடங்கு கூடியது. நாம் அன்று கண்ட பெரியவர் இந்தக் கணக்கில் ஒருவரே.

இதற்கும் மருந்து கல்விதான் என்பதை இலண்டனின் பிரென்ட் பகுதியில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் 111 பேர் பங்கேற்றார்கள். ரமலானுக்கு முன் இரண்டு மணி நேரப் பாடம் கேட்டவர்களிடையே, நோன்பு காலத்தில் தாழ்சர்க்கரை நிகழ்வுகள் 9லிருந்து 5ஆகக் குறைந்தன. பாடம் கேட்காதவர்களிடையே 9லிருந்து 36ஆகக் கூடின. நோன்பு ஒன்றே, நோய் ஒன்றே, வேறுபாடு இரண்டு மணி நேரம்.

அந்தப் பாடத்தின் சாரத்தை ஜமாஅத்தார் அறிந்திருக்க வேண்டும். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளி ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு முன், அதாவது ரஜப் தொடக்கத்திலோ நடுவிலோ, மருத்துவரைச் சந்திக்க வேண்டும். சிலருக்கு நோன்பு ஆகாது என்றே அவர் சொல்வார். அதை ஏற்பது மார்க்கத்தை ஏற்பதே. அவர்கள் களா, பித்யா ஆகியவற்றின் விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளட்டும். நோற்கலாம் என்று சொல்லப்பட்டவர், சஹருக்கும் இஃப்தாருக்கும் உரிய மருந்தின் அளவை மருத்துவரிடமே மாற்றி வாங்க வேண்டும். தாமே மாற்றக் கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே ஆலிம்கள் கூறுகின்றனர். அளவு 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும், இஃப்தாருக்குப் பத்து நிமிடமே இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியன தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்! அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நம் ஜமாஅத்தின் கடமை

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உடையவர்கள் என்று மதிப்பிட்டது. நம் மஹல்லா அதற்கு விலக்கன்று. மருந்துக்கு உதவி கேட்டு வருவோருக்கு பைத்துல்மால் மூலம் கொடுக்கிறோம், அது நன்று. ஆனால் இன்றுவரை பாடத்திற்கு நாம் ஏதும் செய்ததில்லை.

ஒரு நாளில் ஐந்து வேளை கால் கழுவும் சமுதாயம் நாம். பாதத்தைப் பார்க்கும்படி ஜோஸ்லினின் செவிலியர்கள் வீடு வீடாகச் சென்று சொன்னார்கள். நமக்கோ ஒளூவே அதற்கு வாய்ப்பு. கால்விரல்களைக் கோதிக் கழுவும்போதே, வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் உண்டா என்று பாருங்கள். உள்ளங்காலைக் காண இயலாதவர் மகனையோ பேரப்பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள். கழுவிய பின் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் புண்ணாகும். வெந்நீரைக் காலில் ஊற்றுமுன், உணர்வுள்ள வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்காதீர்கள். கோடையில் லுஹர் வேளையில் நம் பள்ளி முற்றத்தின் தரை எவ்வளவு சுடுகிறது என்பது நமக்குத் தெரியும். உணர்விழந்த கால் அதை அறியாது. ஹவுளிலிருந்து வாசல் வரை கயிற்றுப் பாய் விரிக்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக் கொள்கிறோம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அத்துடன், ஒவ்வோர் ஆண்டும் ஷஃபான் மாதத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை அழைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இரண்டு மணி நேர வகுப்பு நடத்த வேண்டும் என்றும் கோருகிறோம். நம் பெண்பிள்ளைகளில் செவிலியர் படிப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களே முன்வரலாம். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரிக்க, ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைந்திருந்ததை வரலாறு கூறுகிறது. பள்ளிவாசலுக்கும் நோயாளிப் பராமரிப்புக்கும் உள்ள உறவு நமக்குப் புதியதன்று.

இப்போதெல்லாம் நோன்பைப் பற்றி எவரேனும் நம்மிடம் கேட்டால், சட்டத்தைச் சொல்வதற்கு முன் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். என்ன மருந்து உட்கொள்கிறீர்கள்? மருத்துவரிடம் கேட்டீர்களா? சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டில் இருப்போருக்குத் தெரியுமா? அன்று அந்தப் பெரியவரிடம் கேட்கத் தவறிய கேள்விகள் இவை. அவர் இன்றும் நலமாக இருக்கிறார். மருத்துவர் நோன்பு வேண்டாம் என்று கூறிவிட்டதால், ரமலானில் ஏழைகளுக்கு உணவளித்து வருகிறார். சட்டைப் பையில் எப்போதும் சீனிப் பொட்டலம் வைத்திருக்கிறார். பள்ளிக்கு வரும் தம் வயதினருக்கும் அதைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்கு நற்கூலியையும், நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.